மிரோன் காத்த தீவு

எங்கள் கடலோர ஊரான கலாமியில் கடலுக்குப் பயந்த ஆண்பிள்ளை என்று ஒருவன்தான் பிறந்தான். அரசாங்கம் தேடிப்பிடித்து அவனையே தீவுக்குக் காவலாளி ஆக்கியது.

மிரோனின் அப்பா மீனவர். தாத்தாவும் மீனவர். அதற்கு முந்தியவர்கள் கடற்கொள்ளைக்காரர்கள் என்று கேள்வி. அப்பேர்ப்பட்ட குடும்பத்தில் வந்தவனுக்குப் படகைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டும். கரையில் கட்டிக்கிடக்கும் படகு ஆடுவதைப் பார்த்தே வாந்தி எடுத்திருக்கிறான். நாங்கள் ஒரே வகுப்பு, அதனால் நானே சாட்சி. இந்த மாதிரி இடத்தில் கதை சொல்பவர்கள் ஒரு சாவை வைப்பார்கள்: அண்ணன் மூழ்கிவிட்டான், அன்றிலிருந்து பயம் என்று. இங்கே அப்படி எதுவும் இல்லை. அவன் அப்பாகூட நன்றாக வயதாகி, கட்டிலில் படுத்து, பக்கத்து வீட்டுக்காரனைத் திட்டிக்கொண்டேதான் செத்தார். பயம் சும்மா வந்தது, சும்மாவே இருந்தது.

ஜனவரியில் கடலை ஆசீர்வதிக்கும் திருநாளன்று பாதிரியார் கடலில் சிலுவையை எறிவார். இளவட்டங்கள் குளிரில் குதித்து அதை எடுக்க அடித்துக்கொள்வார்கள். மிரோன் கரையில் நின்று எல்லோருடைய துணிகளையும் பார்த்துக்கொள்வான். ஒரு துணிகூடக் காணாமல் போனதில்லை. பிறகு ஆலிவ் மரங்கள், ஒரு சின்னத் திராட்சைத் தோட்டம் என்று மலைப்பக்கமே பிழைப்பைப் பார்த்துக்கொண்டான். கல்யாணம் மட்டும் ரொடாந்தியோடு நடந்தது. ஊரிலேயே நன்றாகத் துடுப்புப் போடத் தெரிந்தவள் அவள். கடவுளுக்கும் பொழுது போக வேண்டாமா.

வேலை வந்த கதை இது. ஒரு தேர்தலில் மிரோனின் மாமா முறை ஒருவர் ஜெயித்த கட்சிக்கு ஓடி ஓடி உழைத்தார். பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று அவர்கள் தேடியதில், கொராகித் தீவுக் காவலாளி என்ற இடம் காலியாக இருந்தது. பள்ளிச் சான்றிதழ் வேண்டும் என்பது விதி. சான்றிதழ் வைத்திருந்த மற்றவர்கள் எல்லாம் அதை எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்கோ ஏதென்ஸுக்கோ போய்விட்டார்கள். எங்கள் ஊர் இருப்பதே ஒரு பெரிய தீவில். கடலைத் தாண்டத் துணிவில்லாமல் ஊரில் தங்கியவன் மிரோன் ஒருவன்தான். ஆகவே கடலைத் தாண்டிப் போய்ச் செய்ய வேண்டிய வேலை அவனுக்குக் கிடைத்தது.

கொராகி என்றால் காக்கை. அந்தத் தீவில் காக்கை கிடையாது. கரையில் ஒருவன் தும்மினால் தீவில் இருப்பவன் ‘நூறாயிசு’ சொல்லலாம், அவ்வளவுதான் தூரம். மூவாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் மினோவர்கள் என்ற பழங்காலத்து மக்கள் கட்டிய வீடுகளின் அடிச்சுவர்கள் அங்கே இடுப்புயரத்துக்கு நிற்கின்றன. மேற்குச் சரிவில் அவர்களுடைய கல்லறைகள். யாரோ வெளிநாட்டுக்காரர்கள் ஒரு காலத்தில் தோண்டிவிட்டுப் போனார்கள். பிறகு ஆடு மேய்ந்தது. எங்கள் ஊர்ப் பன்றித் தொழுவங்கள் பாதிக்கு மேல் அந்தக் கற்களால் கட்டியவை. நாகரிகம் என்பது கைமாறிக்கொண்டே வருவதுதானே.

மிரோன் என் காப்பிக்கடையிலிருந்தே தீவைக் காத்தான். கடலைப் பார்த்த மேஜை, தலையில் அரசாங்கத் தொப்பி, கழுத்தில் தொலைநோக்கி. யாராவது படகில் போய்ச் சுவரில் ஏறினால் எழுந்து நின்று ஒரு சத்தம் போடுவான். கர்த்தர் அவனுக்கு நீச்சலுக்குப் பதிலாகக் குரலைக் கொடுத்திருந்தார். போனவர்கள் இறங்கிவிடுவார்கள். வருஷக்கணக்கில் ஒரு கல்கூடத் திருட்டுப் போகவில்லை. கற்கள் கனம் என்பதும் ஒரு காரணம்.

பிறகு டாக்டர் தியானோ வந்தார். தொல்லியல் படித்தவர், புகை பிடிப்பார், அதிகம் பேசமாட்டார். கோடைதோறும் மாணவர்களோடு வந்து தீவில் தோண்டினார். வந்த புதிதில் மிரோனிடம் ஒரு விவரம் சொன்னார். மினோவர் காலத்தில் கடல் மட்டம் தாழ்வு, கொராகி அப்போது தீவே இல்லை, கரையிலிருந்து நீண்ட நிலம், நடந்தே போய்வரலாம் என்றார். மிரோன் நீண்ட பெருமூச்சு விட்டான்.

“அப்பவே வேலைக்குச் சேர்ந்திருக்கணும் டாக்டரம்மா,” என்றான்.

மூன்றாவதோ நான்காவதோ கோடையில் ஒரு கல்லறையிலிருந்து தங்கக் கொண்டை ஊசி கிடைத்தது. ஆலிவ் இலை வடிவம், இலை நரம்புகூடத் தெரியும். அது நகரத்து அருங்காட்சியகத்துக்குப் போனது, அதன் படம் உலகத்துக்குப் போனது, உலகம் எங்கள் ஊருக்கு வந்தது. அதுவரை மீன் வறுத்த கடைகளுக்கெல்லாம் மினோவர் ராஜாவின் பெயர் முளைத்தது. ‘மினோஸ்’, ‘மன்னர் மினோஸ்’, ‘அசல் மினோஸ்’. அசல் மினோஸ் கடைசியாகத் திறந்தது. என் பக்கத்து வீட்டுக்காரன் தலைமுறை தலைமுறையாகக் கோழிக்குத் தண்ணீர் வைத்த கல்தொட்டியைக் கழுவி வாசலில் வைத்து, ‘எங்கள் முன்னோர்களுடையது’ என்று எழுதி மாட்டினான். தியானோ வந்து பார்த்தார், ஆமாம் என்று ஒப்புக்கொண்டு தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். முன்னோர்கள் விஷயத்தில் அவன் அதற்குப் பிறகு வாயைத் திறப்பதில்லை.

ரொடாந்தியின் தம்பி ஸ்ட்ராடிஸ் மீன்பிடிப்பை விட்டுவிட்டுச் சுற்றுலாப் பயணிகளைத் தீவுக்கு ஏற்றி இறக்க ஆரம்பித்தான். வந்தவர்கள் சுவரில் நடந்தார்கள், கல்லறையில் படுத்துப் படம் எடுத்தார்கள், பழைய பானை ஓட்டுச் சில்லுகளைப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். கரையிலிருந்து மிரோன் போட்ட சத்தம் அவர்களுக்குக் கிராமியப் பாட்டு மாதிரி கேட்டிருக்கும், கையசைத்தார்கள். நகரத்து அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது: காவலாளி தீவில் இருக்க வேண்டும்.

மிரோன் யோசித்தான். யோசித்து, தொப்பியைக் கழற்றிப் பெண்டாட்டி தலையில் வைத்தான்.

ரொடாந்திக்கு முதலில் அது பிடித்திருந்தது. காலையில் தன் அப்பாவின் பழைய படகைத் தானே தள்ளிக்கொண்டு போவாள். மாமியார் தொல்லை எட்டாத இடம், நாள் முழுக்கக் காற்று. சுவரில் கால் வைத்தவனை அவள் சத்தம் போடாமல் பார்ப்பாள், அவன் இறங்கி மன்னிப்புக் கேட்பான். பையைத் திறக்கச் சொல்லி ஓட்டுச் சில்லைத் திரும்ப வாங்கி, கிடந்த இடத்திலேயே வைக்கச் சொல்வாள். தியானோவுக்கு எல்லாம் தெரியும். வேலை ஒழுங்காக நடந்ததால் கண்டுகொள்ளவில்லை. நகரத்து அலுவலகத்தின் தலைமை அதிகாரி வருஷத்துக்கு ஒரு தரம் காவலாளியைத் தீவில் நேரில் வந்து பார்த்ததாக ஏதென்ஸுக்கு எழுதி அனுப்ப வேண்டும். அவரும் அவருடைய நாற்காலியிலிருந்தே நேரில் வந்து பார்த்துக்கொண்டார். இப்படியே பல கோடைகள் போயின. ரொடாந்தியின் முகம் கறுத்து உதடு வெடித்தது. மிரோன் என் கடையில் நிழலில் உட்கார்ந்து களைத்துப்போனான்.

எல்லாம் கெட்டது ஆகஸ்டில், மாதாவின் திருவிழா அன்று. ஊரே நீள மேஜைகளில் உட்கார்ந்து ஆட்டுக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மேயர் திராட்சைச் சாராயம் இரண்டு கோப்பை கூடுதலாகப் போட்டுவிட்டு எழுந்தார். நம் முன்னோர்களின் கற்களை வெயில் மழை பாராமல் கண்ணிமைக்காமல் காக்கும் கழுகு நம்மிடையே இருக்கிறது என்றார். எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கைதட்டினோம். அதோடு போயிருக்கும். ஆனால் மிரோன் எழுந்து நின்றான். நெஞ்சில் கை வைத்து, தலை குனிந்து, அந்தக் கைதட்டலை முழுசாக வாங்கிக்கொண்டான். கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

ரொடாந்தி பையிலிருந்து தொப்பியை எடுத்தாள். அவன் தட்டில், கறிமேல் வைத்தாள்.

“சாப்பிடு, கழுகே,” என்றாள். “நாளையிலேர்ந்து நீயே பறந்து போ.”

அந்த வாரம்தான் ஏதென்ஸிலிருந்து அமைச்சகத்துப் பெரியவர் ஒருவர் தொலைக்காட்சிக்காரர்களோடு தீவைப் பார்க்க வருவதாக இருந்தது. மிரோன் கெஞ்சினான், காலில் விழாத குறை. காய்ச்சல் என்று படுத்தும் பார்த்தான். ரொடாந்தி ஆலிவ் தோப்புக்கு உரம் போடக் கிளம்பிவிட்டாள். தியானோ ஒரே வரியில் முடித்தார்: அன்றைக்குத் தீவில் தொப்பியோடு ஆள் இல்லாவிட்டால் வேலை இல்லை, பென்ஷனும் இல்லை.

மிரோன் கடலைக் கடந்த காட்சியைப் பார்க்க ஊரில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். கடை வேலையைப் போட்டுவிட்டு நானும் போனேன். ஸ்ட்ராடிஸின் படகில் அவன் ஏறவில்லை, சரிந்தான். அடித்தட்டில் படுத்துத் தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு தெரிந்த புனிதர்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டான். தெரியாத இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டதாக ஸ்ட்ராடிஸ் சொன்னான். கூட வந்த ஜெர்மானியக் கிழத் தம்பதி, தாங்கள் எங்கே மாட்டிக்கொண்டோம் என்று தெரியாமல் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். ஸ்ட்ராடிஸ் பற்றவைத்த சிகரெட் பாதி எரிவதற்குள் தீவு வந்துவிட்டது. மிரோன் கைகளால் தவழ்ந்து கரையேறி, முதலில் தட்டுப்பட்ட கல்லைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டான். ஏதோ பழங்காலச் சடங்கு என்று அந்தத் தம்பதி படம் எடுத்துக்கொண்டார்கள்.

பெரியவர் வந்தார். வெளிறிப் பச்சையாக, ஆடாமல், வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று இறுக்க மூடிக்கொண்டு நின்ற காவலாளியைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். பண்பாட்டின் முன் ஒரு எளிய மனிதன் பேச்சிழந்து நிற்பதைப் பாருங்கள் என்று கேமராவிடம் சொன்னார்.

சாயங்காலம் எல்லோரும் திரும்பிய பிறகு ஸ்ட்ராடிஸ் அவனைக் கூப்பிடப் போனான்.

“ஏறு மச்சான், போலாம்.”

“காத்து சரியில்ல.”

“காத்தா? கிண்ணத்துல ஊத்தின எண்ணெய் மாதிரி கெடக்கு கடல்.”

“மேலாக்க அப்படித்தான் தெரியும். உள்ளுக்குள்ள ஆடுது.”

நாளைக்கு வருகிறேன் என்றான். மறுநாள் கேட்டால் அதற்கு அடுத்த நாள் என்றான். தோண்டும் சாமான்கள் வைக்கும் கல் கொட்டகை ஒன்று அங்கே உண்டு. அதில் படுத்துக்கொண்டான். வாழ்க்கையில் இரண்டு தரம் கடலைக் கடக்கும் தெம்பு அவனுக்குக் கிடையாது. இருந்த ஒன்றைச் செலவழித்துவிட்டான்.

ரொடாந்தி இரண்டு நாள் பார்த்தாள். பிறகு பார்லி ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வேகவைத்த நத்தையும் தூக்குச்சட்டியில் வைத்துத் தம்பியிடம் கொடுத்தனுப்பினாள். பிறகு மெத்தை போனது, பிறகு அடுப்பு. புருஷன் பெண்டாட்டி பேச்சு கரைக்கும் தீவுக்கும் இடையில் சத்தமாகவே நடந்ததால், அந்தக் குடும்பத்தில் நடந்தது எதுவும் எங்கள் யாருக்கும் தெரியாமல் போகவில்லை. ஒரு நாள் காலை, சுற்றுலாப் பயணிகள் என் கடையில் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம், தீவிலிருந்து குரல் வந்தது.

“ரொடாந்தி, கம்பளி வேணும்.”

“எந்தக் கம்பளி?”

“எங்கம்மா கொடுத்தது.”

“அதைப் பூச்சி அரிச்சுடுச்சு. உங்கம்மா கொடுத்ததுல எது உருப்படியா இருந்துச்சு, உன்னையும் சேர்த்துத்தான் கேக்கறேன்.”

மொழி புரியாதவர்கள்கூடக் கைதட்டினார்கள்.

செய்தி பத்திரிகைக்குப் போயிற்று. ‘பணியிடத்தை விட்டு அகலாத மனிதர்’ என்று போட்டார்கள். வேலைநேரம் முடிந்தும் வீட்டுக்குப் போக மறுக்கும் அரசு ஊழியரை இந்த நாடு அதற்கு முன் பார்த்ததில்லை, திகைத்துப்போனது. அலுவலகத்தில் மற்ற ஊழியர்கள் முறையிட்டார்கள், இது கெட்ட முன்மாதிரி என்று. சுற்றுலாப் பயணிகள் மினோவர் சுவர்களை முதுகுக்குப் பின்னால் வைத்து மிரோனோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஸ்ட்ராடிஸ் படகின் பக்கவாட்டில் ‘கல்லும் காவலரும் காண’ என்று எழுதினான்.

மிரோன் அங்கே ஞானியாகிவிட்டான் என்று எழுதியவர்களும் உண்டு. தியானோ ஒரு மாலை அவனோடு உட்கார்ந்து புகைத்தபடி, இங்கே நிம்மதியாக இருக்கிறதா என்று கேட்டாராம்.

“நாலு பக்கமும் தண்ணி டாக்டரம்மா. எந்தப் பக்கம் திரும்பினாலும் என் பயம்தான் தெரியுது. இதுல என்ன நிம்மதி.”

ரொடாந்தியிடம் யாரும் பேட்டி எடுக்கவில்லை. பொழுது சாயும்போது அவள் கரைக்கு வருவாள், துணி காயப்போட வந்தது போல. அந்தக் கரையில் துணிக்கொடி எதுவும் கிடையாது. தீவுக் கொட்டகையில் விளக்கு எரிந்ததும் போய்விடுவாள். அங்கே அவனும் அவர்களுடைய சமையலறை விளக்கு எரிகிறதா என்று தொலைநோக்கியில் பார்ப்பான் என்று பிற்பாடு தெரிந்தது. இதை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. கம்பளி, பூச்சி, மாமியார் பற்றி மட்டுமே கத்திக்கொண்டார்கள்.

குளிர்காலம் வந்தது. கடைகளுக்குப் பூட்டு விழுந்தது, மினோஸ்கள் மூவரும் அவரவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஸ்ட்ராடிஸ் கடல் அடங்கிய நாட்களில் மட்டும் சாப்பாடு கொண்டுபோனான். வடகாற்று கிளம்பிய ஒரு பிற்பகல், நகரத்திலிருந்து வந்த இரண்டு பேர் தீவின் பின்புறமாகப் படகைக் கொண்டுவந்து கட்டினார்கள். கையில் மண்வெட்டி, உலோகம் தேடும் கருவி. இன்னும் ஒரு கொண்டை ஊசியாவது கிடைக்காதா என்று மேற்குச் சரிவுக் கல்லறைகளைத் தோண்ட வந்தவர்கள். காவலாளி பற்றிப் பத்திரிகையில் படித்திருக்கிறார்கள், ஆனால் பத்திரிகையில் வருவதை நம்புகிறவர்கள் இல்லை.

மிரோன் சத்தம் போட்டுப் பார்த்தான். காற்று அதைத் திருப்பி அவன் வாய்க்குள்ளேயே திணித்தது. பிறகு அவன் என்ன செய்தான் என்பதை அவனே சொன்னான்: ஒளிந்துகொண்டான். நான்கைந்து சுவர்களுக்குப் பின்னால் மாறி மாறி ஒளிந்தவன், ஒளிந்து ஒளிந்தே தீவின் பின்புறத்துக்கு வந்துவிட்டான். எதிரே அவர்களுடைய படகு. கயிறு ஒரு பாறையில் கட்டியிருந்தது. அவிழ்க்க வேண்டுமானால் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். மிரோன் இறங்கினான். முழங்கால் வரை கடலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, முடிச்சை அவிழ்த்தான். படகு ஆப்பிரிக்காவைப் பார்த்துக் கிளம்பிற்று. அவன் கொட்டகைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

மழையும் காற்றும் பிடித்ததும் அவர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். நீதிமன்றத்தில் அந்த இருவரில் பெரியவன் சொன்னபடியே தருகிறேன்.

“எங்க படகு எங்கய்யா?”

“போயிடுச்சு.”

“யாரு விட்டது?”

“நான்தான்.”

“பைத்தியமா உனக்கு? அப்போ நீ எப்படிப் போவே?”

“நான் போறதில்ல.”

இந்தப் பதிலுக்கு எதிராக எந்த ஆயுதமும் உதவாது என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. நனைந்து நடுங்கியவர்களை வெளியே நிறுத்தி வைக்க மிரோனுக்கு மனசு வரவில்லை. மண்வெட்டியை ஜன்னல் வழியாக வாங்கி உள்ளே வைத்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டான். புயல் அடங்கும்வரை மூன்று பேரும் அந்தக் கொட்டகையில் கிடந்தார்கள். அவன் பருப்பு வேகவைத்துப் போட்டான், சீட்டாடினார்கள், சின்னவனுக்குப் பல்வலி வந்தபோது கிராம்பும் சாராயமும் கொடுத்தான். கடல் இறங்கி, மிரோன் போட்ட சத்தம் கேட்டு ஸ்ட்ராடிஸ் போலீஸோடு போய்ச் சேர்ந்தபோது திருடர்கள்தான் முதலில் படகில் ஏறினார்கள். அந்த ஆளுடைய குறட்டையே தங்களுக்குப் போதிய தண்டனை என்று நீதிபதியிடம் சொல்லிப் பார்த்தார்கள், நீதிபதி ஒப்புக்கொள்ளவில்லை.

பதக்கம் அறிவித்தார்கள். வாங்க ஏதென்ஸுக்கு வர வேண்டும். மிரோன் பணியிடத்தை விட்டு வர இயலாது என்று சொல்லியனுப்ப, ஏதென்ஸ் இன்னொரு தரம் நெகிழ்ந்தது. ரொடாந்தி போனாள். மேடையில் மைக்கை அவளிடம் நீட்டியபோது உள்ளதைச் சொன்னாள்: “எம் புருஷன் கடமைக்காக அங்க இல்லீங்க. திரும்பி வரப் பயந்துகிட்டு இருக்கார்.” வீரனின் மனைவிக்கு எவ்வளவு அடக்கம், எவ்வளவு நகைச்சுவை என்று அரங்கமே சிரித்துக் கைதட்டியது. அவள் பதக்கத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த விமானத்தைப் பிடித்தாள்.

பிறகு வயதாகிவிட்டது, ஓய்வும் வந்தது. தீவுக்குப் போ என்று விரட்டிய அதே அலுவலகம், ஓய்வுபெற்றவர் பாதுகாக்கப்பட்ட இடத்தில் தங்குவது சட்டவிரோதம், உடனே வெளியேறு என்று எழுதியது. மாத முடிவுக்குப் பிறகும் இருந்தால் போலீஸ் வரும். மிரோன் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, போலீஸ் எப்படியும் படகில்தானே கூட்டிப்போகும் என்று அழுதானாம்.

கடைசி நாள் காலையில் ரொடாந்தி அப்பாவின் படகை இறக்கினாள். மோட்டார் கிடையாது, இரண்டு துடுப்பு. தீவுக்குப் போய் அவனைக் கையைப் பிடித்து இழுத்து நடுப்பலகையில் உட்காரவைத்து, துடுப்பு இரண்டையும் அவன் மடியில் போட்டாள். ஏதாவது ஆனால் தூக்கிக்கொள்ளலாம் என்று பின்னாலேயே தன் படகில் போன ஸ்ட்ராடிஸ் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

“எனக்குத் துடுப்புப் போடத் தெரியாது ரொடாந்தி.”

“தெரியாதவன்தான் போடணும். கை தடுமாறுற நேரத்துல வயித்தைக் கவனிக்க முடியாது. இழு.”

இழுத்தான். படகு ஒரு முழு வட்டம் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தது. மறுபடி இழுத்தான். துடுப்புப் போடுகிறவனுக்குப் போகிற திசை முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். எதிரே தீவு மட்டும் மெல்ல மெல்லச் சின்னதாகிக்கொண்டிருந்தது. எதிர்ப் பலகையில் உட்கார்ந்து அவள் வலது, இடது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஆலிவ் மரத்தை உலுக்குகிற மாதிரி உலுக்காதே என்றாள். கரையில் ஊரே நின்றது. பாதி வழியில் அவன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்.

“நான் அங்க கெடந்தப்போ நீ என்ன பண்ணினே?”

“நிம்மதியாத் தூங்கினேன்.”

நான்கைந்து இழுப்புக்குப் பிறகு அவள் சொன்னாள்:

“முதல் வாரம்.”

சிகரெட் பாதி எரிவதற்குள் கடக்கிற தூரத்துக்கு ஒரு பாக்கெட் தீர்ந்திருக்கும். வாந்தி வரவில்லை. கரையில் கால் வைத்ததும் மேயர் பேச ஆரம்பித்தார். மிரோன் அவரைத் தாண்டி வீட்டுக்குப் போய்விட்டான்.

இதோடு முடிந்திருந்தால் ஆனந்தக் கதை. ஆனால் காலியான காவலாளி வேலைக்கு ரொடாந்தி மனுப் போட்டாள். முன் அனுபவம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

 திரும்பி வந்த மனுவின் பின்பக்கத்தில் அவள் வீட்டுச் சாமான் கணக்கு எழுதினாள். அதைப் பார்த்த மிரோன் சட்டையை மாற்றிக்கொண்டு நகரத்துக்குப் பஸ் ஏறினான். தலைமை அதிகாரி எழுந்து நின்று வீரனை வரவேற்றார். வீரன் உட்கார்ந்து, தொப்பியோடு அத்தனை கோடைகள் தீவில் இருந்தது என் பெண்டாட்டிதான், நான் கரையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன், திருவிழாவில் எழுந்து நின்று தலை குனிந்தது அயோக்கியத்தனம், பதக்கத்தை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், வேலையை அவளுக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டான்.

அதிகாரி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வருஷாவருஷம் மிரோனைத் தீவில் நேரில் கண்டதாகக் கையெழுத்துப் போட்டவர் அவர். இந்த உண்மை வெளியே வந்தால் முதலில் வீட்டுக்குப் போகப்போகிறவர் யார் என்று அவருக்குக் கணக்குப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. அடுத்த வாரமே ரொடாந்திக்கு உத்தரவு வந்தது. ‘நெடுநாள் உள்ளூர் அனுபவம் கருதி’ என்று அதில் இருந்தது.

விஷயம் தெரிந்ததும் ரொடாந்தி கொதித்துப்போனாள். அன்று நான் அவர்கள் வீட்டில் இருந்தேன்.

“பென்ஷனைப் புடுங்கியிருந்தா என்ன பண்ணியிருப்பே, மடையா?”

“உன் சம்பளத்துல உக்காந்து சாப்பிட்டிருப்பேன். புதுசா என்ன?”

அவள் அவனை அடிக்கக் கரண்டியை ஓங்கினாள். பிறகு அந்தக் கரண்டியாலேயே அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள்.

இந்தக் கோடையில் ரொடாந்தி தீவில் இருக்கிறாள். சுற்றுலாப் பயணிகள் இன்னமும் மிரோனைத்தான் கேட்கிறார்கள். உயிரோடு ஊரில் இருக்கிறான் என்றால் தீவுக்கு யார் வருவார்கள்? ஆகவே ஸ்ட்ராடிஸ் குரலைத் தாழ்த்தி, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஆசைப்பட்டபடி அங்கேயே அடக்கம் செய்தோம் என்று சொல்லி மேற்குச் சரிவில் ஒரு மினோவர் கல்லறையைக் காட்டுகிறான். போன வாரம் ஒரு டச்சுக்காரி அங்கே பூங்கொத்து வைத்தாள். விதிப்படி குப்பை போடக் கூடாது என்று ரொடாந்தி அதை எடுக்கச் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் பூங்கொத்தும் கையுமாக, கண்ணைத் துடைத்தபடி கரைக்கு வந்து என் கடையில் உட்கார்ந்தாள். எதிர் மேஜையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து போய் அவளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் நன்றி சொல்லி, பூங்கொத்தை அவருக்கே கொடுத்தாள். மிரோன் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனான்.